கையை அடக்கிய தேர்வு

அவளை நாங்கள் 'மூச்சுப்பிடி' என்றே கூப்பிடுவோம். மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அவள் சொல்வது அதைத்தான். வார்டிலிருந்து நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போய் அவளிடம் விடுவது என் வேலை.

நடுங்கும் கிழவரோ, திமிறும் குழந்தையோ, அவளே கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். உதவியாளர் பொத்தானை அமுக்குவார். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கவசம் பல நாள் ஆணியிலேயே தொங்கும். நல்ல மனசு என்று நாங்களும் மெச்சினோம். முட்டாள்தனம்.

பிறகு அரசு விதி வந்தது. சான்றிதழ் இல்லாதவர் கருவியைத் தொடக் கூடாது. தேறாவிட்டால் கோப்பு அறைக்குப் போக வேண்டியதுதான். எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். செய்முறைத் தேர்வில் ஓர் ஆளை மேசையில் படுக்கவைத்துக் காலை ஆட்டச் சொல்லியிருந்தார்கள். இவள் பாய்ந்து போய்க் காலைப் பிடித்துக்கொண்டு, "அமுக்குங்க சார்" என்று தேர்வாளரிடமே சொன்னாள். அதோடு சரி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள்.

"கூட வந்தவங்களுக்குக் கவசம் மாட்டிப் பிடிக்கச் சொல்லும்மா. அவங்க ஒரு நாள் பிடிப்பாங்க. நீ தினமும் பிடிக்கறே, உன் உடம்பு என்ன இரும்பா?" என்றாராம் தேர்வாளர்.

என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள். அவர் சொன்னதுதான் சரி என்றேன். சில நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

பாடம் தெரியாமல் அவள் தோற்கவில்லை, கை சொன்ன பேச்சைக் கேட்காமல் தோற்றாள். அதனால் வீட்டில் கணவரைக் கட்டிலில் படுக்கவைத்துப் பழகினாள். தலையணை உறைகளில் மணல் நிரப்பி அவர் காலுக்கு இருபுறமும் அண்டை கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நிற்பாள்.

"காலை ஆட்டவா, தலையை ஆட்டவா? தலைன்னா கல்யாணம் ஆன நாள்லேருந்து பழக்கம்" என்பார் அவர்.

இரண்டாம் தேர்விலும் அதே ஆட்டம்தான். மணல் மூட்டையை அண்டை வைத்தாள், துணைக்கு நின்றவருக்குக் கவசம் மாட்டினாள், தடுப்புக்குப் பின்னால் போனாள். சான்றிதழ் வந்தது.

மீண்டும் வேலைக்கு வந்த அன்றே கை ஒடிந்த குழந்தையோடு ஒரு தாயை அழைத்துப் போனேன். குழந்தை வீறிட்டது.

"நீங்களே கொஞ்சம் பிடிச்சுக்குங்கக்கா" என்றாள் தாய்.

இவள் கை ஒரு கணம் நீண்டது. இழுத்துக்கொண்டாள். "முழுகாம ஏதும் இருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் கவசத்தை அவளுக்கு மாட்டிவிட்டாள். "நீதான் பிடிக்கணும்மா. தோளை இப்படி அணைச்சுக்கோ."

குழந்தை கத்தித் தீர்த்தது. படம் தெளிவாக விழுந்தது.

கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தபடி அந்தத் தாய் வெளியேறினாள். இவள் என் பக்கம் திரும்பி, அடுத்த ஆளை அனுப்பச் சொன்னாள்.