எட்டு வயதுக் குரல்

மிசாவோ அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் குரல் கொடுத்த கார்ட்டூன் பயல் ஹெய்சுகேவுக்கு மட்டும் நாற்பது வருஷமாக எட்டு வயதுதான். ஞாயிறு சாயங்காலம் அவன் வந்தால்தான் டோக்கியோவில் பல வீடுகளில் சோறே எடுத்துவைப்பார்கள். அந்தத் தொடருக்கு நான் ஒலிப்பதிவாளன். பொழுது சாய்ந்து வந்தாலும் "காலை வணக்கம்" சொல்லி நுழைவதுதான் எங்கள் தொழில் வழக்கம். அக்கா அதைக்கூட ஹெய்சுகே குரலில்தான் சொல்வார்.

அக்காவின் கணவர் எய்கிச்சி, மறதி நோய் முற்றி முதியோர் இல்லத்தில் இருந்தார். மனைவியின் முகம் அவருக்கு அறவே மறந்துபோயிற்று. ஆனால் டிவியில் ஹெய்சுகே வாயைத் திறந்தால் போதும், "என் பெண்டாட்டி பேசுறா" என்பார். பக்கத்திலிருந்து அக்காவும் அதே குரலில் இரண்டு வார்த்தை பேசுவார். உடனே மனுஷன் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடிக்காகத்தான் அக்கா வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

போன குளிர்காலத்தில் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய், கரகரப்புதான் மிஞ்சியது. தொடரை நிறுத்துவார்களா? அதெப்படி நிறுத்துவார்கள்! பேசுகிற ஆள் மாறலாம், ஹெய்சுகே மாறக்கூடாது. அப்படித்தானே இந்தத் தொடர்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. புதியவர்களின் குரல்களைப் பெயர் சொல்லாமல் ஓடவிட்டு, அக்காவையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவற்றை ஓடவிட்டது நான்தான்.

ஒரு குரல் வந்ததும் அக்கா என்னை முறைத்தார்.

"டேய் ஒகிஷிமா, இது என்னோட பழைய பதிவுதானே? விளையாடாத."

"சத்தியமா இல்லக்கா. இது வேற பொண்ணு."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"கொஞ்சம் வித்தியாசமா இருக்குறதா எடுங்கக்கா. உங்களுக்குன்னு ஏதாவது மிஞ்சட்டும்."

"போடா, கூறுகெட்டவனே! குரல் மாறினா அவர் என்னைத் தேடித் தவிச்சுப் போயிருவார். இவளையே போடு."

அந்தப் பெண் பேசிய முதல் ஞாயிறு, அக்காவோடு நானும் இல்லத்துக்குப் போனேன். டிவியில் ஹெய்சுகே பேசினான். எய்கிச்சியின் முகம் மலர்ந்தது.

"என் பெண்டாட்டி பேசுறா!"

அக்கா அவர் பக்கம் குனிந்து கையைத் தொட்டார். "நான் இங்கதாங்க இருக்கேன்."

எய்கிச்சி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா நீங்க? கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அவ பேசுறது காதுல விழல."

"மன்னிச்சிருங்க," என்றார் அக்கா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.