அம்மாளாச்சியிடம் நான் கேட்ட வீடு

1966ஆம் ஆண்டு வைகாசி மாதம் என் இடது கை முறிந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று பயந்து, பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போய்க் கட்டுப் போட்டேன். அங்கே நின்ற தாதி என் மற்றக் கையில் இருந்த பழைய தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"உங்கடை கிணறு இதுவரைக்கும் எத்தினை தரம் அம்மா உங்களை விழுத்தினது?" என்று கேட்டார்.

நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தழும்புகளை மூடினேன். மடியில் இருந்த என் மகள் அழத் தொடங்கினாள்.

அடித்தது என் புருஷன். அவர் கடலுக்குப் போகிறவர். கரையில் எல்லோரோடும் சிரித்துக் கதைப்பார். மீன் படாத நாளில் கோபத்தில் அடிப்பார். நிறையப் பட்ட நாளில் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஆக, கடலில் மீன் இருந்தாலும் எனக்கு அடி, இல்லாவிட்டாலும் எனக்கு அடி.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று தரம் சமாதானம் பேசினார்கள். குடும்பம் என்றால் சட்டி பானை முட்டுப்படும் என்றார்கள். கல்லானாலும் கணவன் என்றார்கள். கல்லாக இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல் எழும்பி வந்து அடிக்காது. மூன்று தரமும் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓம், ஓம் என்றார். பெரியவர்கள் வேலிப் படலையைத் தாண்டிப் போக, எனக்கு அடுத்த அடி விழுந்தது.

கட்டு அவிழ்த்த கிழமையே பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அரியாலையில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். அங்கே இரண்டு அறை. அவர்கள் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர். அக்கா ஒரு சொல் சொன்னதில்லை. அத்தானும் நல்ல மனிதர். ஆனாலும் சோற்றுப் பானையை அக்கா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் எனக்கு ஒரு பிடி குறைத்துப் போட்டுக்கொள்வேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. நான் கண்ணை மூடினால் எங்கள் ஊர் அம்மாளாச்சிதான் வருவாள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். "தாயே, எனக்கும் பிள்ளையளுக்கும் ஒரு குடிசை தா. ஓலைக் குடிசை காணும்." வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ஒன்பது மாதம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. என் மகன் பள்ளிக்கூடம் போகாமல் அக்கா வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்றான். கடைசியில் பங்குனி மாதத்து ஒரு வெள்ளியன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கற்பூரம்கூடக் கொளுத்தவில்லை. "உனக்குக் காது கேக்காட்டி நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேணும்? இனி நான் கேக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அடியார்களே, இந்தக் கோயில் மலருக்கு இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல வந்தவள் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வெள்ளி காலையில் என் புருஷனின் தமையன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடுதாசி.

"பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்து வை. தம்பி வீட்டையும் காணியையும் வித்துப்போட்டு ஒரு வள்ளம் வாங்கப் போறான்."

நான் பேனாவைக் கையில் எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அந்த வீட்டில் வாங்கிய அடிகளை நினைத்தால், அது இருந்தென்ன, போயென்ன என்றுதான் தோன்றியது. பிறகு ஏதோ ஒன்று கையைப் பிடித்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, வீட்டை விக்கிறதுக்கு என்ரை கையெழுத்து என்னத்துக்கு?"

"உன்ரை சீதன வீடெல்லே. உன்ரை பேரிலைதானே காணி உறுதி கிடக்கு."

"அப்ப நான் ஏன் இஞ்சை இருக்கிறன்?"

அக்கா திண்ணையில் குந்திவிட்டாள். அடுப்படியிலிருந்து வந்த அத்தான் அப்படியே நின்றார்.

நம் ஊர் வழக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். ஆனால் அடி விழுந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது வீட்டுக்காரி. வந்து ஏறியவர் உள்ளே கால் நீட்டிப் படுத்திருப்பார். இதை நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை, சமாதானம் பேச வந்த பெரியவர் ஒருவரும் யோசிக்கவில்லை. எங்களைப் பெற்ற ஐயா சாகும்போது உறுதிகளை அக்காவிடம்தான் கொடுத்திருந்தார். நான் ஒன்பது மாதம் பாய் விரித்துப் படுத்த அறையில், என் தலைமாட்டில் இருந்த மரப்பெட்டிக்குள் அது கிடந்தது. அத்தான் எடுத்து வாசித்துக் காட்டினார். என் பெயர் தெளிவாக இருந்தது.

தமையன் கடுதாசியை மடித்துக்கொண்டு போய்விட்டார். நான் கோயிலுக்கு ஓடிப்போய் விழுந்து அழுதேன். ஓலைக் குடிசை கேட்டவளுக்குக் கல்வீட்டைக் காட்டித் தந்திருந்தாள் தாய்.

காட்டித் தந்தாள், சரி. உள்ளே போவது எப்படி? அவர் அங்கேதான் இருந்தார். எங்கள் ஒழுங்கையில் கருவாடு போடும் கனகம்மாக்காவுக்கு ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். "திங்கட்கிழமை வா. வள்ளங்கள் கடலுக்குப் போன பிறகு வா" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். என் வீட்டு முற்றத்தில் கனகம்மாக்காவோடு ஒன்பது பெண்கள் இருந்தார்கள். வெறும் கையோடு வரவில்லை. ஒருத்தி ஓலை பின்னினாள். ஒருத்தி அரிசி களைந்தாள். அவருடைய உடுப்புகளை மடித்து, அவர் கலியாணத்துக்குக் கொண்டுவந்த அதே பெட்டியில் அடுக்கிப் படலையடியில் வைத்திருந்தார்கள். ஒரு சீப்புக்கூட விடுபடவில்லை.

மத்தியானம் அவர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கெட்ட சொல் சொல்லிக்கொண்டு வேலித் தடி ஒன்றைப் பிடுங்கினார். என் மகன் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். கனகம்மாக்கா பின்னிய ஓலையைக் கீழே வைக்கவேயில்லை.

"தம்பி, பெட்டியைத் திறந்து பாரும். ஏதும் குறைஞ்சால் சொல்லும், எடுத்துத் தாறம். அடிக்கிறதெண்டால் முதல் எனக்கு அடியும். பிறகு வரிசையாய் இருக்கினம்."

ஒன்பது பேரும் அவரைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர்களின் புருஷன்மார் எல்லோரும் அவரோடு ஒரே கரையில் வள்ளம் இழுக்கிறவர்கள். அவர் தடியை எறிந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் நான் பயத்தில் அழுதேன். நாளைக்கு இவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டால்? அப்போது கனகம்மாக்கா சொன்னதுதான் நான் வாங்கிய பெரிய வரம்.

"கோயில் திருவிழாவுக்குப் பத்து நாளையும் உபயமெண்டு வீடு வீடாய்ப் பங்கு போடுறம். இவளுக்குப் பங்கு போட ஏலாதோ?"

அப்படியே செய்தார்கள். செவ்வாய் ஒரு வீட்டு உபயம், புதன் இன்னொரு வீட்டு உபயம். முறைக்காரி தன் வேலையையும் தூக்கிக்கொண்டு வந்து என்னோடு இருப்பாள். அவர் பிறகும் இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் படலையோடு திரும்பினார். ஐந்து மாதம் ஒரு நாளும் தவறவில்லை. மழைக்குத் திருவிழா நின்றதுண்டு. இது நிற்கவில்லை.

அவர் திருந்தி வந்து காலில் விழுந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தேர் நாளில் தூரத்தில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார், போவார். பிள்ளைகள் போய்க் கதைத்தால் நான் தடுப்பதில்லை. நான் கருவாடு போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தேன். மகள் இன்று ஆசிரியை. இதைச் செம்மையாக எழுதித் தருவதும் அவள்தான்.

கனகம்மாக்கா போன வருடம் மோட்சம் அடைந்தார். அதற்குள் எங்கள் கரையில் இன்னும் நாலு வீட்டுக்கு உபயம் நடந்துவிட்டது. நாலிலும் எனக்குப் பங்கு இருந்தது. இப்போது பங்கு போடும் வேலை என்னுடையது.

கும்பாபிஷேக மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஐயர் கேட்டபோது, என் கதையைச் சொல்ல முதலில் கூச்சப்பட்டேன். பிறகு, இதை வாசிக்கிறவர்களில் ஒருத்தியாவது இன்றைக்கும் கிணற்றடியில் விழுந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். தங்கச்சி, தாயை நம்பு. கோபம் வந்தால் ஏசு, அவள் கோவிக்கமாட்டாள். வீடு உன் பேரில் இல்லாவிட்டால் என் வீட்டுக்கு வா. உன் பேரில் இருந்தால் ஓடாதே. ஒரு சொல் சொல்லி அனுப்பு. நாங்கள் ஓலையும் அரிசியும் கொண்டு வாறம்.