விதை நடுவே ஒரு முக்கோணம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பட்டப்பெயர் 'கடுகு'. தொட்டதற்கெல்லாம் வெடிப்பாள். வருடா வருடம் ஈரப்பஞ்சில் பயறு போட்டு, ஜன்னலோரம் வைத்து, அது முளை விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். இந்த வருடம் ஆளுக்கொரு டேப்லெட் வந்து இறங்கியது. தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமாம். பஞ்சையும் பயறையும் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டாள் தலைமையாசிரியை.

"வீடியோவுல ஒரு நிமிஷத்துல முளைச்சிடுது. எதுக்கு ஒரு வாரம் மாரடிக்கணும்?"

"முளைக்க ஒரு வாரம் ஆகும்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டாள் கடுகு. யார் காதில் விழுந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு வீடியோவைப் பார்க்கவிட்டாள்.

மறுநாள், விதை முளைப்பதை வரையச் சொன்னாள். வகுப்பு மொத்தமும் விதையை வரைந்து, அதன் நடுவில் ஒரு முக்கோணம் போட்டிருந்தது. வீடியோ ஓடுவதற்கு முன் திரையில் நிற்குமே, அதே முக்கோணம். தலைமையாசிரியை வந்து, "அடடா, என்ன தத்ரூபம்!" என்று எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, எந்த விதையில இருக்கு இந்த முக்கோணம்?" என்று முன்வரிசைப் பெண்ணிடம் பாய்ந்தாள்.

அந்தக் குழந்தை மிரண்டுபோய்ச் சொன்னது:

"அதத் தொட்டாத்தானே டீச்சர் முளைக்கும்?"