வெறும் வயிற்றில் ஆறு சுற்று

கிள்ளான் நகர நீச்சல் குளத்துத் தண்ணீர் அன்று காலை ஈயத்தைப் போல அசையாமல் கிடந்தது. மாநில அணித் தேர்வுக்குச் சில வாரங்களாக என் மகள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தேர்வாகிவிட்டால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று நான் விரதமிருந்தேன். அவளையும் இருக்க வைத்தேன்.

“ஆன்டி, சாப்பிட்டாளா? வெறும் வயித்தோட தண்ணியில விடமாட்டேன் லா,” என்றார் கோச்.

“ரொட்டி, முட்டை எல்லாம் ஆச்சு தம்பி.”

கூசாமல் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள்.

ஆறாவது சுற்றில் அவள் கைகள் மெதுவாயின. பிறகு தண்ணீருக்கு மேல் எதுவுமே இல்லை. அடியில் அவளுடைய சிவப்புத் தொப்பி மட்டும் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. கோச் குதித்துத் தூக்கி வந்தார்.

கண் விழித்தவளை உட்கார வைத்து, சீனி கூடுதலாகப் போட்ட மைலோ பானத்தை அவர் நீட்டினார். அவள் கோப்பையைத் தள்ளினாள்.

“வேணாம் கோச். அம்மாவோட வேண்டுதல் கெட்டுப் போயிடும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோப்பையை வாங்கி அவள் உதட்டில் வைத்தேன்.

“குடிம்மா. அம்மாதான் சொல்றேன்.”

இப்போது மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறாள். ஆனால் முதல் வாய் எடுப்பதற்குமுன், ஒவ்வொரு முறையும், என் முகத்தை ஒருகணம் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்தில் சிவப்புத் தொப்பி மறுபடியும் கீழே இறங்குகிறது.