தெல்மிரா போட்ட கையெழுத்து

சோல் தெ அப்ரில் கிளப்பின் பொதுக்குழு நான்கு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. அறுநூற்று நாற்பது உறுப்பினர்களில் பாதிப் பேர் வராவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதன்பின் வந்தவர்களே போதும் என்பது விதி. அதனால் எல்லோரும் ஐந்துக்குத்தான் வருவார்கள். அதுவும் கிளப் சமையலைப் பார்த்துக்கொள்ளும் எல்பியோ கரி அடுப்பு மூட்டி, ரொட்டிக்குள் வைக்கச் சொரிசோ இறைச்சி வாட்டும் வாசனை தெருவுக்கு வந்த பிறகு.

தெல்மிராவும் அப்படித்தான். வயது ஐம்பத்தெட்டு. கிளப்பின் சறுக்குத் தளத்தில் ஸ்கேட்டிங் பழகும் இருபத்து நான்கு பெண் பிள்ளைகளுக்கும் உடுப்பு தைப்பவள். கூட்டக் குறிப்பில் தலைவர், செயலாளரோடு சாதாரண உறுப்பினர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் என்று கேட்டதும் "தெல்மிரா!" என்று நாலு பேர் கத்துவார்கள். ஏன் என்று அவளுக்கே தெரியும். அவள் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டாள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, அவர்கள் விரல் காட்டிய இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு அந்தத் தளத்தையே ஒரு ஜிம் கம்பெனிக்குப் பத்து வருடத்துக்கு வாடகைக்கு விடுவது பற்றிப் பேச்சு. நோட்டீஸில் ஏழாவது விஷயம் அது. எதிர்த்துக் கை தூக்குவதென்று முடிவு செய்திருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தவள் நேரமாகிவிட்டதென்று அப்படியே எழுந்து ஓடி வந்ததில், கண்ணாடி கழுத்திலேயே தொங்கியது.

ஐந்தாவது விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் நோர்பெர்தோ நோட்டை நீட்டினார். "அக்கா, இப்பவே ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அப்புறம் இந்தக் கூட்டத்துல உங்களத் தேட முடியாது."

கண்ணாடியை மாட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுந்து நின்று சத்தமாக வாசித்தாள்.

"'ஏழாவது விஷயம். தளத்தை ஜிம் கம்பெனிக்கு விடுவது ஒருமனதாக நிறைவேறியது. பலத்த கைதட்டல்.' யாருப்பா கைதட்டுனது? நான் இன்னும் கையே தூக்கலையே!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தலைவர் ஒஸ்வால்தோவின் முகம் சிவந்துவிட்டது.

"வருஷா வருஷம் முன்னாடியே எழுதி வெக்கறதுதான் அக்கா. நேரம் மிச்சமாகும்ல?" என்றார் நோர்பெர்தோ.

"அப்ப நாங்க எதுக்கு வர்றோம்? சொரிசோ திங்கவா?"

"அதுக்கும்தான்!" என்றான் அடுப்படியிலிருந்து எல்பியோ.

"நீ சும்மா இருடா. அங்க கருகுது பாரு."

ஒஸ்வால்தோ மேசையைத் தட்டினார். "கூரை ஒழுகுது. ஏணி பிடிக்க ஆள் கூப்பிட்டா ஒருத்தர் வர்றதில்ல. பதினஞ்சு வருஷமா நாங்க அஞ்சு பேரு மாரடிக்கிறோம். நீங்க வருஷத்துக்கு ஒருநாள் வந்து கேள்வி கேக்கறீங்க!"

தெல்மிராவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா எங்களக் கேட்டுட்டு எழுதுங்க."

கேட்டார்கள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். வாய் திறந்தவர்கள் சுலபத்தில் மூடவில்லை. ஒன்றரை மணி நேரம் சண்டை. அடுப்பில் இருந்ததெல்லாம் கரியாகிப் போனது. கடைசியில் கைகளை எண்ணினார்கள், சந்தேகத்துக்கு இரண்டாம் தடவையும் எண்ணினார்கள். தளத்தை வாடகைக்கு விடலாமென்று நாற்பத்தொன்று, விடக் கூடாதென்று முப்பத்தெட்டு.

தோற்றுவிட்டாள். இருபத்து நான்கு பிள்ளைகளிடம் திங்கட்கிழமை என்ன சொல்வது?

நோர்பெர்தோ பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை அவளிடம் கொண்டுவரத் தயங்கி நின்றார். அவளே கையசைத்துக் கூப்பிட்டாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. இரண்டு தடவை படித்தாள். கைதட்டல் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

நோர்பெர்தோ நோட்டை வாங்கக் கை நீட்டினார். அவள் விடவில்லை.

"பழைய நோட்டெல்லாம் அந்த அலமாரியிலதான தம்பி இருக்கு? சாவிய எடு. பதினெட்டு வருஷமா நான் எதுக்கெல்லாம் கைதட்டியிருக்கேன்னு பாக்கணும்."