குழாய் மூட்டில் இருந்த ரிப்பன்

"அக்கா, இன்னா இது? பைப்புல ரிப்பன் சுத்தி கீது!" என்றார் பிளம்பர்.

தண்ணீர் நூலாகத்தான் வருகிறது என்று பிள்ளைப்பாக்கம் வீட்டின் பழைய இரும்புக் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தோம். துரு வாடையோடு மூட்டிலிருந்து பிரிந்து வந்த அந்தச் சிவப்பு ரிப்பன் என்னுடையது.

1991இல் நான் நான்காம் வகுப்பு. பஞ்சாயத்துக் குழாய் தெருவுக்கு வந்ததும், ஆள் வைக்காமல் அப்பாவே அதை வீட்டுக்குள் இழுத்தார். மூட்டு கசிந்துகொண்டே இருந்தது. "தெரியாத வேலை உனக்கு எதுக்கு?" என்று அம்மா ஒரு வாரம் அவரை விடவில்லை.

ஒருநாள் காலை கசிவு நின்றிருந்தது. கொடியில் காயப்போட்ட என் ரிப்பன்களில் ஒன்றைக் காணோம். ஒற்றை ரிப்பனோடு பள்ளிக்குப் போய் டீச்சரிடம் அடி, தொலைத்துவிட்டேன் என்று அம்மாவிடமும் அடி. அப்பா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை, தொலைந்த ஒன்றுக்கு நான்கு ரிப்பன் வாங்கி வந்தார்.

அம்மாவோ, "எங்கூட்டுக்காரரு போட்ட குழா, ஒரு சொட்டு ஒழுகாது" என்று தெருவெல்லாம் சொன்னாள். இன்றும் சொல்கிறாள்.

ரிப்பனை அப்பாவிடம் காட்டினேன். எண்பது வயதில் அவருக்கு அப்படி ஒரு வெட்கம்.

"ஒழுகாம மூட்டுல சுத்துற நூல் பத்தலம்மா" என்றார் மெதுவாக.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "இன்னாடி, உங்கப்பா போட்டது ஒழுகிக்கினு இருந்துதா?"

ரிப்பனைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"இல்லம்மா. ஒரு சொட்டுகூட ஒழுகல."