தரைக்கடியில் ஒரு காலி நிலையம்

நோரீன் மரினோவிச்சை நான் முதலில் பார்த்தபோது, செங்கல் நிரப்பிய சூட்கேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துகொண்டிருந்தாள். 1984, பிப்ரவரி மாதம்; எங்கள் ஊரில் அது நடுக்கோடை. வெயில் நாற்பத்தொரு டிகிரி. மாரிங்கப் விமான நிலையத்தின் புது முனையம் அப்போது வெறும் பொட்டல். முளையடித்துக் கட்டிய கயிறுகள்தான் சுவர்கள். நான் அன்றைக்குத்தான் திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

"என்னம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"ரயில்ல இருந்து இறங்கி விமானம் ஏறப் போயிட்டிருக்கேன். குறுக்க நிக்காத, கடிகாரம் ஓடுது."

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அப்பா குரோஷியாவிலிருந்து வந்து திராட்சைத் தோட்டம் போட்டவர். அம்மா இந்த ஊர்க்காரி, பள்ளிக்கூடத்தில் சமையல். நோரீன் எங்கள் அலுவலகத்தில் வரைபடக்காரி. அவளுக்கு ரயில் மீது பெரிய பாசம் இருந்தது என்று சொல்ல முடியாது. வேலைக்குக் காரில்தான் வருவாள். ஆனால் முனையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் என்று முடிவானதும், அதன் வரைபட வேலை அவள் மேசைக்கு வந்தது. வந்த வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளிடம் இல்லை.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. நடைமேடையிலிருந்து செக்-இன் கவுன்ட்டர் வரை எண்பத்தெட்டு மீட்டர். நேராக மேலேறும் ஒரே சாய்தளம். நடுவில் கதவு கிடையாது, திருப்பம் கிடையாது. ரயிலை விட்டு இறங்கியவன் தலையை நிமிர்த்தினால் கவுன்ட்டர் கண்ணில் படவேண்டும்.

தலைமைக் கட்டடக் கலைஞர் ராட்ரிக் ஹாடோவுக்கு அந்தச் சாய்தளத்தை ஒரு சுற்று வளைக்க ஆசை. வளைத்தால் நடுவில் நாலு கடை வைக்கலாம். நோரீன் இரண்டு வழியிலும் செங்கல் பெட்டியோடு நடந்து நேரம் குறித்துக் காட்டினாள்.

"பத்தொம்போது செகண்டுக்கா இவ்வளவு மல்லுக்கட்டு?" என்றார் ராட்ரிக்.

"பத்தொம்போது செகண்ட் எனக்குத்தான், எனக்கு வழி தெரியும். தெரியாதவங்க திருப்பத்துல நின்னு அண்ணாந்து பாப்பாங்க. பின்னாடி வர்றவன் வந்து முட்டுவான். அப்புறம் அங்கயே ஒரு கும்பல் நிக்கும். நீங்கதான் போயி வழி சொல்லணும்."

ராட்ரிக் சிரித்துவிட்டார். சாய்தளம் நேராகவே இருந்தது.

1987-ல் முனையம் திறந்தது. அதே வருடம் ஆட்சி மாறியது. ரயில் பாதை காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. நிலையத்துக்கான கூடம் மட்டும் தரைக்கடியில் கட்டி முடிந்திருந்தது. நூற்றெழுபது மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் அகலம், தண்டவாளம் இல்லை, விளக்கு இல்லை. சாய்தளத்தின் மேல்முனையில் பலகை அடித்து மூடி, அதற்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள்; ஊழியர்கள் போய்வரச் சரக்குப் பிரிவுப் பக்கம் ஒரு கதவு மட்டும் இருந்தது.

எந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கும் பொறுப்பு பிறகு நோரீனிடம் வந்தது. நான் அவளுக்கு உதவி. விமான நிலையத்தில் இடத்துக்கு எப்போதும் அடிதடி. காலியாக ஒரு கூடம் கிடக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். மதுக்கடைக்காரருக்குக் கிடங்கு வேண்டும். வாடகைக் கார்க்காரருக்கு வண்டி கழுவ இடம் வேண்டும். கணினிப் பிரிவுக்குக் கம்பிகளைக் கொண்டுபோக வழி வேண்டும். நோரீன் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தரையில் எதையும் பதிக்கக் கூடாது, தொண்ணூறு நாளில் எடுத்துக்கொண்டு போகிறமாதிரி இருந்தால் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் அந்தத் தாளைப் படித்ததும் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகவே கூடத்தில் கிறிஸ்துமஸ் அலங்கார மான்பொம்மைகளும் சக்கரம் உடைந்த டிராலிகளும் சேர்ந்தன. கோடையில் எங்கள் ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரக்குப் பிரிவுக்காரர்கள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். 'நோரீன் குகை' என்று பெயரும் வைத்தார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள்.

"என்ன நோரீன், அடுத்த வண்டி எத்தன மணிக்கு?"

"உன் பேட்டிங்க பாத்துட்டு டிரைவர் திரும்பிப் போயிட்டான்."

கூடத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. ரயில் அதற்குள் வந்து சேர வழி வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து கூடம் வரை சுரங்கப்பாதைக்கென்று ஒரு பட்டை நிலம் ஒதுக்கியிருந்தது. வரைபடத்தில் அதைச் சிவப்புக் கோடுகளால் நிரப்பிவைத்திருந்தாள். அதில் புல் முளைக்கலாம், கார் நிறுத்தலாம். அஸ்திவாரம் மட்டும் இறங்கக் கூடாது.

1999 செப்டம்பரில் பித்தப்பை அறுவைக்காக மூன்று வாரம் விடுப்பில் போனாள். அந்தச் சமயத்தில் நிலங்களுக்கான மேலாளர் கிரெய்க் டோல்ஹர்ஸ்ட் என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தான். சரக்குக் கொட்டகை, தற்காலிகமானது என்று முதல் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அவள் திரும்பி வந்த அன்று காலையில் ஜன்னல் வழியே பார்த்தபடி நின்றாள். தூரத்தில் ஒரு இயந்திரம் தூண் இறக்கிக்கொண்டிருந்தது.

"அது எங்க நிக்குது?"

நான் கொட்டகைக் கோப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

"கையெழுத்து யாரு?"

"நான்தான்."

அவள் கத்தவில்லை. வரைபடத்தை விரித்து அளந்தாள். "மூணு தூண்," என்றாள். "சரியா நடு வழியில." பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு கிரெய்க்கின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

கிரெய்க் கெட்டவன் இல்லை. கார் நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் வேலையிலிருந்து மேலாளராக உயர்ந்தவன். ரயிலில் வருகிறவன் காரை நிறுத்தமாட்டான் என்பது அவன் கவலை; அதை அவன் மறைத்ததும் கிடையாது.

"பன்னெண்டு வருஷமாச்சு நோரீன். எங்க உன் ரயிலு?"

"வந்துட்டிருக்கு."

"எந்த ஊரு தாண்டிடுச்சு? சொன்னா ஆள் அனுப்பி மாலை போடச் சொல்றேன்."

"ஏழாம் பத்தியப் படிச்சியா?"

"எதோட ஏழாம் பத்தி?"

"விமான நிலையத்துக்கு நிலத்த அரசாங்கம் குடுத்தாங்களே, அந்தக் கடுதாசி. படி. அவசரமே இல்ல. நான் உக்காந்திருக்கேன்."

அவன் படித்தான். ரயில் தடத்தை அடைக்கும் எந்தக் கட்டுமானத்தையும் அரசு நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. அவன் முகம் மாறியது.

"புகார் குடுக்கப் போறியா?"

"குடுத்தா ஆறு மாசம் உன் வேலை நிக்கும். அந்த மூணு தூண் பூமிக்குள்ளயேதான் இருக்கும். ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்ல. கொட்டகையோட தெற்குப் பாதி இன்னும் தொடங்கல. அங்க ரெண்டு தூணுக்கு நடுவுல பதினொரு மீட்டர் விடு. நான் தடத்த வளைச்சுக்கறேன்."

"அவ்வளவுதானா?"

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். அன்று மாலைக்குள் புதுத் தடத்தை வரைந்துவிட்டாள். முன்பு அகலமாக இருந்த வளைவு இப்போது இறுக்கமாகிவிட்டது. ரயில் வேகத்தைக் குறைத்து ஊர்ந்துதான் வரவேண்டும். நான் மன்னிப்புக் கேட்டேன். "வேலையப் பாரு," என்றாள். ஒரு வாரம் என்னோடு சாப்பிட வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து என் தட்டிலிருந்து பாதி லாமிங்டன் கேக்கை எடுத்துத் தின்றாள். அத்தோடு சரி.

2014-ல் ரயில் திட்டம் உயிர்பெற்றது. ஹேமிஷ் டல்கிளீஷ் என்ற பொறியாளர் தன் ஆட்களோடு வந்தார். முனையத்திலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி வெட்டவெளியில் ஒரு நிலையம், அங்கிருந்து ஒரு நடைபாலம்: இதுதான் அவர்கள் கொண்டுவந்த திட்டம். படத்தில் பாலத்தின் மேல் நடந்தவர்கள் யார் கையிலும் பெட்டி இல்லை.

"முனையத்துக்கு அடியில ஏதோ கூடம் இருந்துச்சாம்," என்றார் ஹேமிஷ். "இந்நேரம் குழாயும் கம்பியுமா அடைஞ்சு கிடக்கும்னு விட்டுட்டோம்."

"வாங்க," என்று நோரீன் எழுந்தாள்.

பூந்தொட்டியை நகர்த்திப் பலகையைக் கழற்றி, கைவிளக்கோடு இறங்கினோம். மான்கள் ஒரு ஓரமாக நின்றன. சுவரில் சுண்ணக்கட்டியால் போட்ட ஸ்டம்புகள். அதைத் தவிர, இருபத்தேழு வருடத்துக்கு முன்பு கட்டி விட்டபடியே இருந்தது கூடம். ஒரு ஆணி இல்லை. ஹேமிஷ் கைவிளக்கை வாங்கிச் சுவர் முழுக்க அடித்துப் பார்த்தார். பிறகு தன் ஆட்களை அளக்கச் சொன்னார். ஆறு பெட்டி ரயிலுக்கு நூற்று நாற்பத்து நாலு மீட்டர் போதும். உயரமும் சரி. தூண்களுக்கு நடுவே தடமும் நுழைகிறது.

சாய்தளத்தில்தான் வந்து முட்டியது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் அவள் போட்டிருந்தாள். அந்தக் காலத்தில் அது போதும். இப்போது சட்டம் பதினாலுக்கு ஒன்று கேட்கிறது. அந்த அளவுக்கு நீட்ட இடமில்லை.

"இத இடிச்சுட்டு லிஃப்டும் எஸ்கலேட்டரும்தான் போடணும்," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் ஹேமிஷ். "வழி ஒரு எடத்துல திரும்பும்."

நோரீன் சாய்தளத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சக்கர நாற்காலில வர்றவங்க தனியா இதுல ஏற முடியுமா?"

"முடியாது. யாராவது தள்ளணும்."

"அப்ப இடிச்சுருங்க. ஆனா லிஃப்டுக்கு ரெண்டு பக்கமும் கதவு வைங்க. ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போகணும். உள்ள டிராலியத் திருப்பற வேலையே இருக்கக் கூடாது."

அறுநூறு மீட்டர் திட்டம் கைவிடப்பட்டது. லிஃப்டுக்கு இரண்டு கதவு வைக்க ஹேமிஷ் தன் மேலிடத்தோடு எட்டு மாதம் போராடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2019 நவம்பரில் முதல் ரயில் ஓடியது. நோரீன் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் நகரத்திலிருந்து ஏறினோம். விழாப் பேச்சுகளில் அவள் பெயரை யாரும் சொல்லவில்லை; அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ரயில் வேகம் குறைந்து, வளைவில் பல் கூசுகிற மாதிரி கிறீச்சிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன.

"கேட்டியா?" என்றாள். "அது உன் கையெழுத்து."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வெளியே இருட்டு. அவள் சிரித்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

மேலே போய்ப் பார்த்தால் செக்-இன் கவுன்ட்டர்களில் பாதியைக் காணோம். இப்போது எல்லோரும் கைபேசியிலேயே அந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். எண்பத்தெட்டு மீட்டர் நேர்வழி போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஒரு காப்பிக்கடையும் செருப்புக்கடையும் இருந்தன. எனக்குச் சங்கடமாக இருந்தது. நோரீன் காப்பிக்கடையில் வரிசையில் நின்று இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றை வாங்கித் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

பிறகு லிஃப்ட் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றாள். ஒரு கதவில் நுழைந்த டிராலிகள் மறு கதவில் நேராக வெளியேறின. யாரும் நிற்கவில்லை, யாரும் திரும்பவில்லை. மூன்றாவது ரயில் வந்தபோதுதான் அவள் நெற்றி சுருங்கியது. வெளியேறும் கதவுக்கு எதிரே யாரோ ஒரு குப்பைத்தொட்டியை வைத்திருந்தார்கள். சீருடை போட்ட ரயில்வே ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டாள்.

"இதக் கொஞ்சம் நகர்த்தி வைங்களேன். பெட்டியோட வர்றவங்க முழங்கால்ல இடிக்கும்."

"நீங்க யாருங்க? ரயில்வேயா?"

"இல்ல, பயணி."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தொட்டியை இரண்டு அடி தள்ளி வைத்தார். நோரீன் இன்னும் ஒரு அடி என்று கையால் காட்டினாள். அதையும் செய்தார். பிறகு நாங்கள் கீழே இறங்கி, பன்னிரண்டு நாற்பது வண்டியைப் பிடித்து வீட்டுக்குப் போனோம்.